ஊதியத்தை உயர்த்துவது படிப்பா, கூட்டுப் பேரமா?

தொழிலாளரின் ஊதியம் உயரக் கல்வியை விரிவாக்க வேண்டுமா, ஊதியச் சட்டங்களையும், தொழிற்சங்கங்கள் முதலாளிகளோடு பேசி ஊதியத்தை முடிவுசெய்யும் கூட்டுப் பேரத்தையும் வலுப்படுத்த வேண்டுமா என்பதில் பொருளியலாளர்கள் நெடுங்காலமாகவே பிரிந்து நிற்கிறார்கள்.

கல்வியை முன்னிறுத்துவோர் 1964இல் கேரி பெக்கர் விரித்துரைத்த மனித மூலதனக் கோட்பாட்டைச் சார்ந்திருக்கிறார்கள். படிப்பு உழைப்பின் விளைதிறனைக் கூட்டுகிறது, அதற்கேற்ப ஊதியமும் கூடுகிறது என்பது அவர்கள் வாதம். கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியாக 9 விழுக்காடு அளவுக்கு வருமானம் அதிகம் என்று பல நாடுகளின் தரவுகள் காட்டுகின்றன. ஆனால் பட்டம் திறமையை வளர்க்காமல், ஏற்கெனவே உள்ள திறமையை முதலாளிக்கு அடையாளம் காட்டவும் கூடும் என்று 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் விளக்கினார். அது உண்மையாகும் அளவுக்கு, எல்லாரும் பட்டம் பெறுவதால் எல்லார் ஊதியமும் உயர்ந்துவிடாது. நாற்பது வயதைக் கடந்து வேலையில் இருப்பவருக்குப் பள்ளிச் சீர்திருத்தத்தால் எந்தப் பயனும் இல்லை என்பதும் பெரும்பாலும் பேசப்படாத குறை.

சட்டத்தின் வழி விரைவானது. 1992இல் நியூ ஜெர்சி தன் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, அங்குள்ள துரித உணவகங்களை அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்ட டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் வேலைவாய்ப்பு குறைந்ததற்கான சான்றைக் காணவில்லை. அந்த முடிவு கடும் விவாதத்துக்கு உள்ளானது. எனினும் சட்டத்தின் மெய்யான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: 7.25 டாலர் என்ற அமெரிக்கக் கூட்டாட்சி வரம்பு 2009க்குப் பிறகு உயர்த்தப்படாததால், விலைவாசி அதை ஆண்டுதோறும் அரித்துவந்திருக்கிறது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் இத்தகைய சட்ட வரம்பே கிடையாது. பெரும்பாலான தொழிலாளருக்கு ஊதியத்தை நிர்ணயிப்பவை கூட்டு ஒப்பந்தங்களே. பிரான்சில் சங்க உறுப்பினர் பத்தில் ஒருவர் அளவே என்றாலும், ஒப்பந்தங்களை அரசு துறை முழுமைக்கும் நீட்டிப்பதால் ஏறக்குறைய எல்லாரும் அவற்றின் பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறார்கள்.

இவ்விரு வழிகளும் ஒன்றுக்கொன்று மாற்று என்று கொள்வதை ஜெர்மனி ஐயத்துக்குள்ளாக்குகிறது. எங்கும் பயன்படும் பொதுத்திறனை முதலாளி தன் செலவில் கற்பிக்க மாட்டார், பயிற்சி பெற்றவர் வேறிடம் போய்விடுவார் என்பது பெக்கரின் தர்க்கம். ஆயினும் ஜெர்மன் நிறுவனங்கள் தொழில் பழகுநர்களுக்காகப் பெருமளவு செலவிடுகின்றன. டேரன் அசெமோக்லுவும் யோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கேயும் தந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். கூட்டுப் பேரம் திறன் மிக்கவருக்கும் மற்றவருக்கும் இடையிலான ஊதிய இடைவெளியைச் சுருக்கும்போது, பயிற்சியால் கூடும் விளைதிறன் அளவுக்கு ஊதியம் கூடுவதில்லை. மிஞ்சுவது நிறுவனத்துக்குக் கிடைப்பதால், கற்பிப்பதே அதற்கு ஆதாயமாகிறது. ஆக, பேரம் வலுத்த இடத்தில் தொழிற்கல்வியும் வளர வாய்ப்புண்டு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஊதிய இடைவெளி சுருங்கினால், பல ஆண்டுகள் உழைத்துப் பட்டம் பெறுவோருக்குக் கிடைக்கும் கூடுதல் பலனும் சுருங்கும். தன் குடிமக்களிடம் பல்கலைக்கழகக் கட்டணம் வாங்காத ஸ்வீடனில் இந்த இழப்பின் சுமை ஓரளவு குறைகிறது. படிப்புக்குக் கடன் வாங்க வேண்டிய நாட்டில் அதே பேர முறையை மட்டும் நடைமுறைப்படுத்தினால், உயர்கல்வியில் சேரத் தயங்குவோர் பெருகக்கூடும்.