ஈரோட்டிலிருந்து ஒருநாள் தொல்லியல் பயணம்: கொடுமணலுக்காகப் போகலாம்

ஈரோட்டிலிருந்து விடுமுறை நாள்களில் புறப்படும் இந்தப் பயணத்துக்கு ஒருவருக்கு 1,200 ரூபாய் வாங்குகிறார்கள். வேன், காலைச் சிற்றுண்டி, சென்னிமலையில் மதிய உணவு, வழிகாட்டியின் ஊதியம் எல்லாம் இதில் அடக்கம். விஜயமங்கலம், கொடுமணல், அறச்சலூர் என மூன்று ஊர்களைக் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். கொடுத்த பணத்துக்குக் கொடுமணல் ஒன்றே போதும் என்பது என் கருத்து. மற்ற இரண்டு இடங்களையும் அவர்கள் காட்டும் முறை மாற வேண்டும்.

பாடநூலில் படித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கொடுமணல் முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கும், மணி செய்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த பழந்தமிழர்களின் இவ்வூரைத்தான் சங்க நூலான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடுவதாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆனால் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னர் வேறு நிறுவனங்களும் இங்கே தோண்டிய குழிகள் ஆய்வு முடிந்ததும் மூடப்பட்டுவிட்டதால், களத்தில் நிற்பவரின் கண்ணுக்குப் படுவது காட்டு நிலமும் ஈமக்காட்டுக் கற்களும் மட்டுமே. கட்டடமோ சிலையோ இல்லாத இப்படிப்பட்ட இடத்தில் பயணத்தின் தரம் முழுவதும் வழிகாட்டியைப் பொறுத்தது. எங்களுக்கு வாய்த்தவர் அந்தப் பொறுப்பை உணர்ந்தவராக இருந்தார்.

அவர் அரசர் பெயர்களிலிருந்து தொடங்கவில்லை. ஒரு வரைபடத்தை நிலத்தில் விரித்து, ஒவ்வொரு மூலப்பொருளும் எங்கிருந்து வந்தது என்று காட்டினார். பச்சைக்கல் படியூரிலிருந்து, நீலக்கல் சிவன்மலைப் பக்கத்திலிருந்து, இரும்புத் தாது சென்னிமலையிலிருந்து எனப் பெரும்பாலானவை இங்கிருந்து எட்டிவிடும் தொலைவில்தான் கிடைத்திருக்கின்றன. சூதுபவளம் என்னும் சிவப்பு மணிக்கல்லோ குஜராத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன என்பதைச் சொல்லிவிட்டு, கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சென்ற பெருவழியில் இவ்வூர் அமைந்திருந்ததை அவர் விளக்கியபோது, இவ்வளவு சிறிய ஊரில் இத்தனை செல்வம் ஏன் சேர்ந்தது என்பது எல்லோருக்கும் விளங்கியது. உடைத்த கல், தேய்த்த கல், துளையிடும்போது பிளந்த மணி என ஒரு மணி உருவாகும் ஒவ்வொரு நிலையும் இங்கே கிடைத்திருப்பதைப் படங்களோடு காட்டினார். இரும்பு உருக்கிய உலைகளைப் பற்றியும் அதே பொறுமையோடு பேசினார்.

பானையோட்டு எழுத்துகளைப் பற்றிய பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ்ப் பிராமி என்னும் பழைய எழுத்துமுறையில் கீறப்பட்ட ‘கண்ணன் ஆதன்’ என்னும் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்; உடன் வந்த பள்ளிப் பிள்ளைகள் எங்களுக்கு முன்பே படித்துவிட்டார்கள். அதன்பின் கல்லறையைச் சுற்றி வட்டமாகக் கல் அடுக்கிய கல்வட்டம், பலகைக் கற்களால் பெட்டிபோல் கட்டிய கற்பதுக்கை, அதன் பலகைக் கல்லில் வெட்டிய இடுதுளை என்னும் ஓட்டை ஆகியவற்றைக் கல்லருகே நின்று பார்த்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் “ஏனுங்க, பாசி பொறுக்க வந்தீங்களா?” என்று கேட்டார். மழைக்குப்பின் நிலத்தில் பாசி எனப்படும் இம்மணிகள் மேலே வருவது ஊராருக்குப் பழகிய செய்தி. ஆனால் எங்கள் வழிகாட்டி ஓர் ஓட்டுத் துண்டைக்கூட எடுக்கவிடவில்லை. எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் அந்த ஓடு ஆய்வுக்குப் பாதிக்கும் மேல் பயனற்றதாகிவிடும் என்று காரணத்தையும் சொன்னார். இந்தக் கண்டிப்புக்காகவே இப்பயணத்தை நான் பிறருக்குப் பரிந்துரைக்கிறேன்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இத்தனை தொழிலுக்கும் உயிர் கொடுத்த நொய்யல் திருப்பூர்ச் சாயக்கழிவால் என்ன ஆயிற்று என்பதையும், அருகிலுள்ள ஒரத்துப்பாளையம் அணை எப்படிப் பாழானது என்பதையும் அவர் தொடவே இல்லை. பழைய ஆற்றங்கரை நாகரிகத்தைக் காட்ட அழைத்துச் செல்கிறவர்கள் இன்றைய ஆற்றைப் பற்றியும் நான்கு சொல் சொல்லியிருக்கலாம்.

விஜயமங்கலத்துச் சமணக் கோயிலில் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கவிடவில்லை. பெருங்கதை என்னும் காப்பியத்தை இயற்றிய கொங்குவேளிரோடு தொடர்புடைய ஊர் இது. சிரவணபெளகொளாவில் கோமதேசுவரர் சிலையை எடுப்பித்த சாமுண்டராயரின் தங்கை உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் கல்வெட்டு உள்ள கோயில் இது. கோபுரத்தின் முன் படமெடுத்துக்கொண்டு கிளம்புவதற்காக இங்கே வர வேண்டியதில்லை. சாப்பாட்டுக்குச் செலவான நேரத்தில் பாதியை இங்கே தந்திருக்கலாம். அரிசிம்பருப்புச் சாதம் நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய கல்வெட்டு உள்ள அறச்சலூர் நாகமலையை உச்சி வெயிலுக்குப்பின் வைத்திருப்பதுதான் இத்திட்டத்தின் பெரிய குறை. பாறை சூடேறியிருந்ததால் முதியவர்கள் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆழமின்றி வெட்டப்பட்ட எழுத்துகளுக்குச் சாய்வான ஒளி வேண்டும் என்பதையும் திட்டமிட்டவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. புலவர் செ. இராசு கண்டறிந்த இக்கல்வெட்டில் த, தை, தா, தே என்னும் எழுத்துகள் வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில் நிற்கின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றாகவே வரும். ஆடலுக்கோ இசைக்கோ உரிய இந்த எழுத்து வரிசையை அமைத்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன்னையோ மணியையோ காசையோ சோதித்துத் தரம் சொல்பவன். கொடுமணலின் மணிகளைப் பார்த்த அதே நாளில், மணி நோட்டம் பார்க்கும் தொழிற்பெயருடைய ஒருவன் தாளத்தை எழுதி வைத்திருப்பதைக் காண்பது எத்தகைய பேறு! வழிகாட்டியோ களைத்துப்போய் இந்தத் தொடர்பைச் சொல்லாமலே இறங்கிவிட்டார்.

கரூர்ப் பக்கம் புகழூர் அருநாட்டார்மலையில், மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர்களைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதையும் சேர்த்து இருநாள் பயணமாக நடத்தினால் கூடுதல் கட்டணம் கொடுத்து வர நான் ஆயத்தம். இப்போதைக்குப் போகிறவர்கள், முன்பதிவின்போதே அறச்சலூரைக் காலையில் வைக்கும்படி கேளுங்கள். குழுவாகச் சேர்ந்து வந்தால் வரிசையை மாற்றித் தருவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.