பழைய பாமினிக் கோப்புகள்: கன்வர்ட்டரா, ஓசிஆரா?

300 பக்கத்துக்கு மேல் ஓடும் தமிழ்ப் புத்தகம் ஒன்றில் 'அவர்கள்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை என்றது கணினி. முதல் பக்கத்திலேயே இரண்டு 'அவர்கள்' என் கண்ணெதிரே இருந்தன. கண்ட்ரோல் எஃப் அடித்துத் திரும்பத் திரும்பத் தேடினேன். இல்லை என்றே சொன்னது. இந்த ஒப்பீட்டை எழுத வைத்தது அந்த மாலைதான்.

என் மாமனார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 1999 முதல் 2007 வரை அவர் எழுதிய ஊர் வரலாறு, பழமொழிக் கட்டுரைகள், கோயில் மலர்களுக்குக் கொடுத்தவை எல்லாம் ஒரு டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பெரும்பாலானவை வேர்டு கோப்புகள், சில பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். கொஞ்சம் பக்கங்களுக்கு அச்சுப் பிரதி மட்டும்தான் இருக்கிறது. ஒரு கட்டு சிடியை என் கையில் கொடுத்து, "மாப்பிள்ளை, இதை போன்ல படிக்கிற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

வழிகள் நான்கு. பாமினி எழுத்துருவை நிறுவிக்கொண்டு கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம். போனில் படிக்கவேண்டும் என்ற பேச்சு வந்ததுமே அது அடிபட்டுப் போயிற்று. யாரிடமாவது கொடுத்து மறுபடியும் முழுக்கத் தட்டச்சு செய்ய வைக்கலாம். காசும் போகும், புதுப் பிழைகளும் வரும். மிச்சமிருப்பவை இரண்டு: இன்றைய போனுக்கும் கணினிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றும் கன்வர்ட்டர், அல்லது பக்கத்தைப் படமாக்கி, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆரிடம் கொடுப்பது. நான் இப்போது கன்வர்ட்டர் பக்கம். ஆனால் தொடங்கும்போது ஓசிஆர்தான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

பாமினி கோப்புக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அங்கே தமிழ் எழுத்தே கிடையாது. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பதிவாகியிருக்கும். சின்ன எஃப் என்றால் 'க', பெரிய எஃப் என்றால் 'கு'. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது, அவ்வளவுதான். (பாமினிக் கோப்பில் வேர்டில் தேடுகிறவர்கள் 'மேட்ச் கேஸ்' போட மறந்தால் 'க'வும் 'கு'வும் ஒன்றாகவே கிடைக்கும்.) விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோதே யூனிகோடு தமிழ் கணினிக்கு வந்துவிட்டது. ஆனால் பேஜ்மேக்கருக்குக் கடைசிவரை யூனிகோடு தெரியாது. அதன் இறுதிப் பெரும் பதிப்பான 7, 2001-இல் வந்தது. டிடிபி சென்டர்கள் அதிலேயே வேலை செய்ததால் பாமினியும் கூடவே வாழ்ந்தது.

ஓசிஆருக்கு இந்தக் குளறுபடி எதுவும் தெரிய வேண்டியதில்லை. அது பார்ப்பது படத்தை. எந்த எழுத்துரு, எந்தக் குறியாக்கம் என்று கேட்காது. வெளியே தருவது சுத்தமான யூனிகோடு. இலவசமாகவும் கிடைக்கிறது: டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் தமிழுக்கான தரவு இருக்கிறது, கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸில் திறந்தாலும் எழுத்து வந்துவிடுகிறது. ஒரே கட்டுரையை எடுத்து இரண்டு வழியிலும் செய்து பார்த்தேன். அச்சுப் பிரதியை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து ஓசிஆருக்கு, வேர்டு கோப்பை இணையத்தில் கிடைத்த ஒரு கன்வர்ட்டருக்கு.

முதல் பார்வையில் ஓசிஆரே ஜெயித்தது. வாசிக்க நன்றாக இருந்தது. கன்வர்ட்டர் தந்ததில் அங்கங்கே 'வௌிநாடு', 'வௌ்ளம்' என்று கோணலாக நின்றன. ஆங்கிலத்தில் இருந்த நூல் பெயர்களெல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிட்டன. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளிதான் 'இ' என்பதால், ஆங்கில வாக்கியத்தில் காற்புள்ளி வந்த இடமெல்லாம் ஒரு 'இ' உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்கு நான் முதலில் சொன்ன 'அவர்கள்' மாயம்.

இரண்டாம் பார்வை மாமனாருடையது. ஓசிஆர் பிரதியைப் படித்துக்கொண்டே வந்தவர், "நான் 'எடு'ன்னு எழுதினேன், இதுல 'ஏடு'ன்னு இருக்கே" என்றார். அடுத்த பக்கத்தில் 'கொடு' 'கோடு' ஆகியிருந்தது. ஓரிடத்தில் 'மணம்' 'மனம்' ஆகியிருந்தது. ஸ்கேனில் மங்கிய புள்ளிகள் சில காணாமல் போயிருந்தன. ஏடு, கோடு, மனம் எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள். பிழைதிருத்தி ஒன்றையும் பிடிக்காது. அந்தப் பக்கத்தில் 'எடு' சரியாக வந்திருக்கும், இந்தப் பக்கத்தில் தவறியிருக்கும். எங்கே தவறும் என்று சொல்லவே முடியாது. அதாவது மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் படித்தே ஆகவேண்டும். ஒரு கட்டுரை என்றால் சரி. 300 பக்கம்?

கன்வர்ட்டரின் பிழைகள் வேறு ஜாதி. ஓரிடத்தில் தவறினால் எல்லா இடத்திலும் அதே மாதிரிதான் தவறும். காரணம் தெரிந்துவிட்டால் ஒரே 'ரீப்ளேஸ் ஆல்' போதும். எனக்கு முடிவைத் தீர்மானித்தது இது ஒன்றுதான். ஆகவே காரணங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

'அவர்கள்' ஏன் கிடைக்கவில்லை? டிடிபியில் அடித்தவர் ர்-க்கு 'ர'வையும் புள்ளியையும் அடிக்கவில்லை. துணைக்காலை அடித்து அதன் தலையில் புள்ளி வைத்துவிட்டார். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. அன்று பலருக்கும் இருந்த பழக்கம்தான் அது. நான் பயன்படுத்திய கன்வர்ட்டர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு 'அவா்கள்' என்று மாற்றியது. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை. தேடினால் கிடைப்பதில்லை. சில செய்தித் தளங்களிலும் அறிவிப்புகளிலும் இன்றும் இந்த 'அவா்கள்' உலவுகிறது, தேடிப் பாருங்கள். தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளி எந்தச் சொல்லிலும் வராது. எனவே துணைக்கால்–புள்ளி எங்கிருந்தாலும் 'ர்' என்று மாற்றிவிடலாம், யோசிக்கவே வேண்டாம். துணைக்காலை அடுத்து இகரக் குறி வந்தால் 'ரி', ஈகாரக் குறி வந்தால் 'ரீ'. 

அடுத்தது 'வௌிநாடு'. பழைய எழுத்துருக்களில் 'ள'வும் ஔகாரக் குறியின் வலப்பக்கமும் ஒரே வடிவம், ஒரே விசை. ஒற்றைக்கொம்பு, வ, ள என்று வரிசையாக வந்தால் அது 'வெள'வா 'வௌ'வா என்று கன்வர்ட்டருக்குத் தெரியாது. 'வௌ' என்று முடிவு செய்துவிட்டு, அடுத்து வரும் குறியைக் கொண்டுபோய் அதன்மேல் ஒட்டவைக்கிறது. இதற்கும் வழி எளிது: ஔகாரத்துக்குப் பிறகு புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது ஔகாரமே இல்லை, எகரமும் ளகரமும்தான். வெளி, தெளிவு, வெள்ளம் எல்லாம் இதில் சரியாகிவிடும். மறுபக்கம் 'கெளரவம்', 'பெளர்ணமி' என்று வந்திருந்தால், எகரத்தை அடுத்து ஒன்றும் ஒட்டாத வெறும் 'ள' நிற்கும். அது அநேகமாக எப்போதும் ஔகாரம்தான். மாமனாரின் கோப்புகளில் இதற்கு ஒரு விலக்கும் எனக்குக் கிடைக்கவில்லை. 'ஔி' என்று வந்திருந்தால் 'ஒளி' என்று மாற்றவேண்டியதும் இதே கதைதான். லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரின் தேடி மாற்றும் பெட்டியில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' வசதி, அதாவது ஒரு சொல்லுக்குப் பதில் எழுத்து அமைப்பையே தேடும் வசதி, இருக்கிறது. இந்த விதிகளை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது எந்தக் கன்வர்ட்டரிலிருந்து வந்தாலும் முதலில் இவற்றை ஓட்டிவிடுகிறேன்.

ஆங்கிலப் பகுதிக்கு வேறு தந்திரம். வேர்டில் எழுத்துருவை வைத்தே தேடலாம். 'ஃபைண்ட்' பெட்டியின் 'ஃபார்மேட்' பகுதியில் டைம்ஸ் நியூ ரோமனைத் தேர்ந்தால் ஆங்கிலப் பகுதிகள் மட்டும் சிக்கும். அவற்றைத் தனியே எடுத்துவைத்து, அந்த இடங்களில் 9001, 9002 என்று எண் போட்டேன். எண்கள் பாமினியில் எண்களாகவே இருப்பதால் மாற்றத்தில் சேதமில்லை. யூனிகோடு ஆனதும் ஆங்கிலத்தைத் திரும்ப வைத்தேன். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரே ஒரு மாலை.

எந்தக் கன்வர்ட்டர் என்றால், கணினியில் நிறுவிக்கொள்ளும் வகையைத்தான் சொல்வேன். சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டரை நான் வைத்திருக்கிறேன். பாமினி மட்டுமில்லை, திஸ்கி, டாப், டாம் என்ற மற்றப் பழைய குறியாக்கங்களும் அதில் உண்டு. இணையத்தில் ஒட்டி மாற்றும் பக்கங்களும் ஒரு பத்திக்கு, ஒரு அழைப்பிதழுக்குப் போதும்.

பேஜ்மேக்கர் கோப்புகளுக்கு முதலில் வழி தெரியாமல் ஓசிஆருக்கே போக இருந்தேன். லிப்ரே ஆஃபீஸ் டிரா 4.4 பதிப்பிலிருந்து அவற்றைத் திறக்கிறது. உள்ளேயிருந்து எழுத்தை நகலெடுத்துக் கன்வர்ட்டருக்குக் கொடுக்கலாம். என்னிடம் இருந்தவை எளிய ஒற்றைப் பத்திப் பக்கங்கள். பத்திரிகை மாதிரி மூன்று பத்தியும் பெட்டிச் செய்தியுமாக இருந்தால் எப்படி வரும் என்று நான் முயன்றதில்லை. அதேபோல இன்னொரு பழைய எழுத்துருத் தொகுப்பான ஸ்ரீலிபியில் இரண்டே கோப்புகளைத்தான் தொட்டிருக்கிறேன், அதை வைத்து எதுவும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

பிடிஎஃப் மட்டும் இருக்கிறவர்கள் உடனே ஓசிஆருக்கு ஓடவேண்டாம். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக அர்த்தமில்லாத ஒரு வரி வந்தால் அதிர்ஷ்டம், உள்ளே பாமினி உயிரோடு இருக்கிறது. கன்வர்ட்டருக்குக் கொடுங்கள். வெறும் கட்டங்கள் வந்தாலோ, ஒன்றுமே நகலாகாவிட்டாலோ ஓசிஆர்தான்.

அச்சுப் பிரதி மட்டும் உள்ள பக்கங்களுக்கு எனக்கும் அதே கதிதான். வாரத்துக்கு நான்கு பக்கம் என்று ஸ்கேன் செய்து மாமனாரிடம் கொடுக்கிறேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் ஒரு பக்கத்தில் ஏழெட்டு வட்டம் போட்டிருந்தார். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவற்றில் இரண்டு ஓசிஆரின் பிழையே இல்லை. 2003-இல் டிடிபி பையன் விட்டது.