பழைய எம்.டி.பி.க்கு 1×9 கியர்: மைக்ரோஷிப்ட் அட்வென்ட் வாங்கலாமா?

1990-களில் வந்த இரும்பு ஃபிரேம் எம்.டி.பி.க்களில் (மலை சைக்கிள்களில்) முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு அல்லது எட்டு. தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் அதன் குறை தெரிந்துவிடும். ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே முன் கியரைக் குறைத்தால் செயின் கழன்று விழும். இறக்கத்தில் குழி தட்டினால் செயின் துள்ளி ஃபிரேமில் அடிக்கும், பெயின்ட் போகும். முன்னால் ஒரே பல்சக்கரம் வைத்து, பின்னால் ஒன்பது கியர் போடும் மைக்ரோஷிப்ட் அட்வென்ட் செட் இந்த இரண்டையும் தீர்க்கிறது. செட்டில் ஷிஃப்டர் (கைப்பிடியில் கியர் மாற்றும் லீவர்), பின் டெரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி), கேசட் (பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு; சின்னது 11 பல், பெரியது 42). டெரெய்லியரின் கையை ஆடவிடாமல் பிடிக்கும் கிளட்ச் இருப்பதால் செயின் இறுக்கமாகவே நிற்கும். சக்கரம் கழற்றும்போது சின்ன சுவிட்சைத் தட்டி கிளட்சை விடுவிக்கலாம்.

ஏற்றத்துக்கு இந்தக் கியர் போதுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. முன்னால் 32 பல், பின்னால் 42 என்றால் விகிதம் 0.76. பழைய வண்டியில் 24-க்கு 28 போட்டால் 0.86 வரும். அதாவது பழசைவிட இதில்தான் மிதி லேசு. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம், மூச்சு வாங்காது. இழப்பு மேல் கியரில். 32-க்கு 11 போட்டு 90 சுற்று மிதித்தாலும் 33 கிலோமீட்டருக்கு மேல் போகாது. பழைய 42-க்கு 11-இல் அதே மிதிக்கு 42 வரும். ஓசூர் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுவதே முக்கியம் என்பவர்கள் பழைய மூன்று பல்சக்கரத்தையே வைத்துக்கொள்ளலாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுப் பாதை என்று திரிபவர்களுக்கு இந்த செட் நன்றாகப் பொருந்தும்.

வாங்கும் முன் பின் சக்கரத்தைப் பாருங்கள். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கேசட் ஃப்ரீஹப் (கேசட் செருகி உட்காரும், சக்கரத்தோடு சேர்ந்த பாகம்) உள்ள சக்கரத்தில்தான் ஏறும், மரை போட்டு முறுக்கும் பழைய ஃப்ரீவீல் சக்கரத்தில் ஏறாது. சோதனை எளிது. சக்கரத்தைக் கழற்றி, பற்களின் நடுவே டூல் நுழையும் வெட்டுகள் உள்ள வளையத்தைப் பார்த்தபடியே பற்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். வளையமும் கூடவே சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி வளையம் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் என்றால் புதுச் சக்கரத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அப்போது கணக்கே மாறிவிடும். ஏழு கியர் ஃப்ரீஹப்பாக இருந்தாலும் சிக்கல்தான்: அதன் உடல் சுமார் 4 மி.மீ. குட்டை, ஒன்பது கியர் கேசட் முழுதாக உட்காராது, கேசட்டைப் பூட்டும் லாக்ரிங் பிடிக்காது. எட்டு, ஒன்பது, பத்து கியர் ஃப்ரீஹப் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

புதுச் சக்கரம் ஃபிரேமில் உட்காரும் அகலம் 135 மி.மீ. பழைய ஃபிரேமில் அந்த இடைவெளி 130 என்றால் இரும்பு என்பதால் கையால் விரித்து நுழைக்கலாம். 126 என்றால் ஃபிரேமையே விரித்து, அச்சு உட்காரும் இரு பக்க டிராப்அவுட்டும் இணையாக நிற்கிறதா என்று பார்க்கும் ஆளிடம் கொடுக்க வேண்டும். அலுமினியத்தில் இந்த வேலைக்கு யாரையும் விடாதீர்கள், வெடிப்பு விடும்.

அடுத்து ஹேங்கர், அதாவது ஃபிரேமில் டெரெய்லியர் மாட்டும் காது. இருபது முப்பது வருடம் சுவரில் சாய்ந்து, விழுந்து எழுந்த வண்டியில் அது உள்பக்கம் வளைந்தே இருக்கும். ஏழு கியரில் அது தெரியாது, ஒன்பதில் பற்களின் இடைவெளி குறைவு என்பதால் கியர் தானாகத் தாவும். மெக்கானிக் ஷிஃப்டரில் திருகித் திருகி ஓய்வார், குறை அங்கே இல்லை. பெண்டு எடுக்கும் அளவி கடையில் இல்லாவிட்டால் ஒரு வழி உண்டு. க்விக் ரிலீஸ் (நட்டு இல்லாமல் லீவரால் கழற்றும்) பின் சக்கரத்தின் அச்சும் ஹேங்கரும் பெரும்பாலும் ஒரே மரை: 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. இன்னொரு சக்கரத்தின் அச்சை ஹேங்கரில் முறுக்கி நிறுத்தி, இரண்டு ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேல், கீழ், முன், பின் என நான்கு இடத்தில் அளங்கள். 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெதுவாக நிமிர்த்தலாம். இரும்பு ஹேங்கர் இதைத் தாங்கும்.

செட்டிலுள்ள டெரெய்லியருக்கு அதே செட்டின் ஷிஃப்டர்தான் வேண்டும். ஷிமானோ ஒன்பது கியர் ஷிஃப்டர் கையில் இருக்கிறதே என்று மாற்றிப் போட்டால் ஒயர் இழுக்கும் அளவு ஒத்துப்போகாது. இன்னொரு கண்ணி: சில பழைய வண்டிகளில் ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே உடல். ஷிஃப்டரைக் கழற்றினால் லீவரும் போய்விடும். புது லீவர் வாங்கும்போது கேன்டிலீவர் பிரேக்குக்கு (ஒயர் நடுவில் மேலே இழுக்கும் பழைய வகை) அதற்கான லீவர்தான் வாங்க வேண்டும். ஒயரைப் பக்கவாட்டில் இழுக்கும் வி-பிரேக்கின் லீவர் போட்டால் கைக்குக் கல் போல் இருக்கும், வண்டி நிற்காது.

முன் பல்சக்கரம் மெல்லிய பல், தடித்த பல் மாறி மாறி வரும் வகையாக இருக்கட்டும். நான்கு கால் கிராங்கில் (பெடல் தண்டில்) பல்சக்கரம் பிடிக்கும் போல்ட்களின் வட்டம் 104 மி.மீ. என்றால் 32 பல் எளிதில் கிடைக்கும். 1990-களின் தொடக்கத்து ஐந்து கால் கிராங்க் பெரும்பாலும் 110 மி.மீ., அதில் 34 பல்லுக்குக் கீழே போவது கடினம், ஏற்றத்தில் மிதி சற்றுக் கனக்கும். நடு பல்சக்கரம் இருந்த இடத்திலேயே போட்டால் செயின் முன்னும் பின்னும் ஏறக்குறைய நேராக ஓடும்.

செயின் நீளம்: டெரெய்லியரில் நுழைக்காமல் முன் பல்சக்கரத்தையும் பின்னால் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றி, சேரும் இடத்திலிருந்து ஒரு இன்ச் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். 42 பல்லில் செயின் இருக்கும்போது டெரெய்லியரின் மேல் உருளைக்கும் பல்லுக்கும் 6 மி.மீ. இடைவெளி வரும்படி பி-ஸ்க்ரூவை (அந்த இடைவெளியை மாற்றும் திருகை) திருகுங்கள். இந்த இடைவெளி கூடினால் கியர் மந்தமாக ஏறும், குறைந்தால் உருளை பல்லில் உரசிக் கரகரக்கும்.

கிருஷ்ணகிரி பக்கம் செம்மண் தூசியும் கிரானைட் தூளும் அதிகம். கடைகளில் பழைய இன்ஜின் ஆயிலைச் செயினில் ஊற்றும் வழக்கம் இருக்கிறது. அதில் தூள் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும், புதுக் கேசட்டைத் தின்னும். உலர்ந்த வகைச் செயின் ஆயிலைக் கணுவுக்கு ஒரு துளி விட்டு, மேலே உள்ளதைத் துணியால் துடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை இன்ச் அளவுகோலால் 12 இன்ச் நீளத்தை பின்னுக்குப் பின் அளந்து பாருங்கள். கடைசிப் பின் 1/16 இன்ச் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். செயின் மலிவு, 42 பல் கேசட் அப்படியல்ல.