ஆள் நிற்பான், வேலை நகராது

நைட் ஷிஃப்ட் முடிந்து, மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாஸ் மாமாக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்க்கும்போது எங்கள் மேசையில் அடிக்கடி கிளம்பும் சண்டை இது: அரசு போட்ட திட்டப்படி ஓடும் ஆலையா, சந்தையை நம்பி ஓடும் ஆலையா, எதில் ஓர் ஆளின் உழைப்புக்கு அதிகப் பொருள் வெளிவரும்? "அரசாங்கம்னாலே தூங்குமூஞ்சிதான் அண்ணே" என்பான் எங்கள் டெக்னீஷியன். பாதி சரி.

இதை உரசிப் பார்க்க ஜெர்மனியைவிட நல்ல இடம் கிடையாது. ஒரே மக்கள், ஒரே தொழில் மரபு. 1949இல் இரண்டு நாடு, இரண்டு ஏற்பாடு: கிழக்கே அரசுத் திட்டம், மேற்கே சந்தை. கிழக்கே சுவிக்காவ், போருக்கு முன்பே கார் கட்டிப் பழகிய ஊர். அங்கே 1957 முதல் 1991 வரை சுமார் 30 லட்சம் ட்ராபண்ட் கார்கள் வெளிவந்தன. 26 குதிரைத்திறன், புகை கக்கும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், பஞ்சுக் கழிவையும் பிசினையும் அழுத்திச் செய்த உடல். 1960களில் வந்த 601 மாடல் கடைசிவரை பெரிதாக மாறவில்லை. அதே காலத்தில் மேற்கே வோக்ஸ்வேகன் 1974இல் கோல்ஃபை இறக்கி, 1983இல் அதையும் புதுப்பித்துவிட்டது.

கிழக்கத்தியான் சோம்பேறியா? இல்லை. வாங்குபவர் பத்து வருஷத்துக்கு மேல் வரிசையில் காத்திருக்கும்போது மாடலை மாற்ற யாருக்கு அவசரம்? உதிரிப்பாகம் எப்போது வருமென்று தெரியாததால் ஆலைகள் சரக்கையும் ஆளையும் பதுக்கி வைத்தன. ஆள் நிற்பான், வேலை நகராது. நட்டம் வந்தால் அரசு ஈடுகட்டும் என்று தெரிந்த மேலாளர் கணக்கில் கறாராக இருக்கமாட்டார் என்று ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஸ் கோர்னாய் விளக்கியது இதைத்தான். 1989இல் பெர்லின் சுவர் விழுந்த மறுவருஷமே வோக்ஸ்வேகன் சுவிக்காவுக்கு வந்தது. அதே ஊர்க் கைகள் போலோவும் அப்புறம் கோல்ஃபும் கட்டின.

திட்டத்துக்கும் ஒரு வெற்றி உண்டு: 1970களில் சோவியத் எஃகு உற்பத்தி அமெரிக்காவையே தாண்டியது. டன் கணக்கில் ஜெயிப்பது முடியும். பத்து வருஷத்தில் மாறிவிடும் பொருளில்தான் திணறல்.

இனி நம்ம ஊர். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் வந்தது. கணினிச் சில்லு செய்யும் இன்டெல்லும் அதே வருஷம் வந்தது. வாருங்கள் என்று வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேடிப்போய் அழைத்தவர் அப்போதைய பினாங்கு முதலமைச்சர் லிம் சோங் இயூ. சந்தைக்குப் பாதை போட்டதே அரசுதான், நம் டெக்னீஷியன் மறந்துவிடும் பாதி இது. என் அம்மா அந்தக் காலத்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டியவர். இன்று ஒரே ஆப்பரேட்டர் ஒரு வரிசை மெஷினைப் பார்க்கிறார். எந்தத் திட்டக்குழுவும் உத்தரவு போட்டு வந்த மாற்றமல்ல. பழுதாகித் தூக்கிப்போடும் சில்லு கூடினால் கடல் தாண்டியிருக்கும் வாடிக்கையாளர் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவார்.

மலேசியக் கார்க் கம்பெனிகளான புரோட்டோனும் பெரோடுவாவும் ஒரே நாட்டின், ஒரே இறக்குமதி வரி வேலிக்குள் வளர்ந்தவை. இருந்தும் 2006 முதல் விற்பனையில் பெரோடுவா முந்திவிட்டது. ஆகவே ஏற்பாட்டின் பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத எனக்குத் தயக்கம். சரக்கு தேங்கினால் நட்டம் யார் தலையில் விழுகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

இதைச் சொன்னதும் டெக்னீஷியன் தே தாரேக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்: "அப்ப மெஷின் ஏறின வேகத்துல நம்ம சம்பளம் ஏன் ஏறல அண்ணே?"