முதல் சைக்கிள்: ரோடு பைக்கா, ஹைபிரிடா?

வாரநாளில் சென்னை வேளச்சேரியிலிருந்து ஓ.எம்.ஆர். சாலையிலுள்ள அலுவலகம், ஞாயிறு விடியலில் ஈ.சி.ஆர். என்னும் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம். இரண்டுக்கும் ஒரே சைக்கிள் என்றால் குழப்பமே டயரில்தான் தொடங்குகிறது.

வேகத்துக்கென்றே செய்த ரோடு பைக்கில் பெரும்பாலும் 25 அல்லது 28 மி.மீ. டயர். கடற்காற்று எதிரே அடிக்கும்போது வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பிடியில் குனிந்துகொள்ளலாம். கொடுத்த காசு அதற்கே சரி. ஆனால் காற்று குறைந்த டயர் ஒரு மழைக்குழியில் இறங்கினால் போதும், ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை. 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் 75 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவில் காற்று இருக்கட்டும். வாரம் ஒருமுறையாவது அடிக்க வேண்டும். வால்வு மெல்லிசான பிரெஸ்டா வகை என்றால் தெருமுனைக் கடை பம்பு பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

ரோடு பைக்குக்கும் மலைப்பாதை சைக்கிளுக்கும் நடுவான ஹைபிரிடில் 35 முதல் 40 மி.மீ. டயர், நேர் ஹேண்டில், விரல் எப்போதும் பிரேக்கின் மேல். ஆட்டோ குறுக்கே வெட்டும் ஊருக்கு இதுதான் தோது. கேரியர், மட்கார்டு மாட்டத் திருகு ஓட்டைகளும் பெரும்பாலும் உண்டு. லேப்டாப் பையைக் கேரியரில் வைத்துவிட்டால் முதுகு வேர்க்காது. குறை, கைக்கு ஒரே பிடி. நீண்ட ஓட்டத்தில் உள்ளங்கை மரத்துப்போகும்.

அலுவலகப் பயணமே அதிகமென்றால் ஹைபிரிட். ரோடு பைக்தான் வேண்டுமென்றால் 32 மி.மீ. டயர் நுழையும் ஃபிரேமாகப் பாருங்கள்.