குளிர்ந்த என்ஜினில் மட்டும் மிஸ்ஸிங்: பாகத்தை மாற்றுவதா, அளந்து பார்ப்பதா?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டி குலுங்குகிறது, ஐடிலில் மிஸ்ஸிங் அடிக்கிறது. ஐந்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் சீராகிவிடுகிறது. பெட்ரோல் என்ஜினில் வரும் இந்தக் கோளாறுக்கு இரண்டு விதமாக வைத்தியம் பார்க்கிறார்கள். சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது ஒன்று. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் ஸ்கேனரை மாட்டி, எண்களைப் படித்துவிட்டு அப்புறம் கை வைப்பது இன்னொன்று. நான் முதலில் நான்கு பிளக்கையும் மாற்றினேன், த்ராட்டில் பாடியைக் கழுவினேன். மறுநாள் காலையும் அதே குலுக்கல். கோளாறு கடைசியில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சாரில் இருந்தது.

எது இயல்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்ந்த என்ஜின் முதல் நிமிடத்தில் 1,200 ஆர்பிஎம் அளவில் ஓடுவதும், சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருப்பதும் கோளாறு அல்ல; சைலன்ஸர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க என்ஜின் வேண்டுமென்றே அப்படி ஓடுகிறது. ஸ்டியரிங் வரை நடுக்கம் வந்தால், ரேஸ் கொடுக்கும்போது இடறினால், அப்போது தேடலாம்.

குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. உள்ளே போகும் பாதையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் தெளிக்கிறது. எவ்வளவு கூடுதல் என்பதை அது பெரும்பாலும் கூலன்ட் சென்சாரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. புகையை முகர்ந்து பிழை திருத்தும் ஆக்ஸிஜன் சென்சார் அந்த நேரத்தில் இன்னும் சூடாகியிருக்காது. அது விழித்ததும் பிழையைச் சரிக்கட்டிவிடும். அதனால்தான் சூடான வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனால் அங்கே எந்தக் கோளாறும் தெரிவதில்லை.

பாகம் மாற்றும் வழியை முழுக்கத் தள்ளிவிட முடியாது. பிளக் தேயும் பொருள். மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றலாம். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைச் சோதிக்கப் புதிது வாங்கவே வேண்டாம். முதல் சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பி0301 கோட் வந்தால், அந்தக் காயிலை மூன்றாவது சிலிண்டரில் இருப்பதோடு இடம் மாற்றுங்கள். கோட் பி0303 ஆக மாறினால் காயில்தான் பழுது. மாறாமல் அங்கேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் பக்கம் போக வேண்டும்.

சென்சார் விஷயத்தில் மட்டும் அளக்காமல் மாற்றுவது வீண் செலவு. சோதனை மிக எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியில், செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் ஸ்கேனரில் பாருங்கள். இரண்டும் சில டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். என் வண்டியில் காற்று 24, கூலன்ட் 51. பாதி சூடான என்ஜின் என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிட்டது. 51 என்பது நம்பக்கூடிய எண்தானே, அதனால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஸ்கேனர் இல்லாதவர்கள் மல்டிமீட்டரில் பார்க்கலாம்: பல வண்டிகளில் இந்த சென்சார் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் காட்டும், 90 டிகிரியில் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

அடுத்த சந்தேகம் ஏர் லீக். விரிசல் விட்ட வேக்கம் ஹோஸ், சுருங்கிப்போன இன்டேக் கேஸ்கெட் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். அறிகுறி சென்சார் கோளாறு போலவே இருக்கும். பிரித்துக் காட்டுவது ஃபியூவல் ட்ரிம் என்று ஸ்கேனரில் வரும் எண்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது (+), குறைக்கிறது (-) என்பதை அது சொல்லும். சூடான பிறகு ஐடிலில் அது +10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் ஏர் லீக். ரேஸ் கொடுக்கக் கொடுக்க ஏறினால் பெட்ரோல் வரத்து குறைவு, அல்லது காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு. சூட்டில் ட்ரிம் சரியாகவே இருந்தால் கூலன்ட் சென்சார் பக்கம் திரும்புங்கள்.

லீக்கைத் தேட கார்ப் கிளீனர் அடிப்பவர்கள் உண்டு. மலிவான வழிதான், ஆனால் தீப்பற்றும் பொருளை ஓடும் என்ஜின்மேல் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றுப் பாதைக்குள் புகையைச் செலுத்தும் புகை மெஷினில் என்ஜினை ஓட்டவே தேவையில்லை, லீக் இருக்கும் இடத்தில் புகை கண்ணுக்குத் தெரியும். குளிர்ந்த என்ஜினில் செய்யச் சொல்லுங்கள். சூட்டில் விரியும் கேஸ்கெட் ஓட்டையை மூடிவிடலாம்.

செல்ஃப் நீண்ட நேரம் அடித்த பிறகே வண்டி எடுக்கிறதா? சாவியை இரண்டு மூன்று முறை ஆன்-ஆஃப் செய்து, பம்ப் ஓடவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்தால் இரவில் ஃபியூவல் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று பொருள்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கதை வேறு. பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வின் பின்புறம் கழுவப்படுவதே இல்லை, கரி படியும். டேங்கில் ஊற்றும் கிளீனர் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யலாம், ஆனால் அந்த வால்வுகளைத் தொடாது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதுதான் நிச்சயமான வழி.

இரண்டு அறிகுறிகளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, ஸ்டார்ட் செய்ததும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, ஓட்டுவதை நிறுத்துங்கள்.

எந்த வழியில் போனாலும் சோதனைக்கு முன்பு பேட்டரியைக் கழற்றாதீர்கள், பதிவான தடயம் அழிந்துவிடும். வண்டியை முந்தின நாள் மாலையே மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, "காலையில நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.