பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ரிப்பேர், டவுன்ஹால் ரோடு சந்துக் கடை

மைக் செட்காரர்ட்ட 2500 ரூவாக்கு வாங்குன, கண்ணாடிக் குழல் வால்வு போட்ட ஆம்ப்ளிபயர், கிடார சொருகுனா ஒரே ம்ம்ம்னு இரைச்சல். கடைக்குத் தூக்கிட்டுப் போனேன், அண்ணன் மூடியத் தொறந்ததுமே கைய வைக்காதீங்க தம்பின்னாரு, சுவிட்ச ஆஃப் பண்ணாலும் கரண்ட சேத்து வைக்குற கண்டன்சர்ல 300 வோல்ட்டு வரைக்கும் நிக்குமாம், ரெசிஸ்டர் வச்சு அத எறக்கிட்டுத்தான் வேலையவே ஆரம்பிச்சாரு. பவர் சப்ளை கண்டன்சர் உப்பிப்போய் கெடந்துச்சு, இரைச்சலுக்கு காரணமே அதான். ரெண்டு இஎல்84 வால்வு, வாக்ஸ் ஏசி30ன்னு பேர்போன கிடார் ஆம்ப்ளிபயர்ல நாலு இருக்கும்ல அதே சாதி, நல்லாத்தான் இருக்கு மாத்தவேணாம்னுட்டாரு, காசு மிச்சம். ஆனா நாளைக்கு நாளைக்குன்னு மூணு வாரம் இழுத்தடிச்சாரு பாருங்க, அதான் கடுப்பு. இப்ப வால்யூம ஏத்துனா கிடாருக்கு நான் ஆசப்பட்ட மாதிரியே சவுண்டு கரகரன்னு ஒடையுது, அள்ளுது! கேக்காமலே எர்த் வயரும் மூணு முள்ளு பிளக்கும் போட்டுக் குடுத்திருக்காரு.